கரும்பு ரயிலின் எல்லைக்கற்கள்

நான் இதுவரை எழுதிய மனுக்களை அடுக்கினால் ஓர் ஆள் உயரம் வரும். வானூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பெயருக்குத்தான், மனு எழுதுவதுதான் பிழைப்பு. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிய தகராறு, எதுவானாலும் ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் எந்த அதிகாரியும் படிக்கமாட்டார் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வருகிறவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். "கதை வேணாம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அதட்டுவேன். அப்படி அதட்டுவதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு தடவை பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அது ஒரு ரயிலின் வரலாறு. அதை எழுதியதால் என் அக்காவின் வீடு போயிற்று. அந்த வரிசையில் இருந்த மற்ற வீடுகளும்தான் போயின. ஆனால் எல்லா வீட்டுக்காகவும் என் மனம் ஒரே அளவுக்குத் துடிக்கிறது என்று சொன்னால் அது பாதிப் பொய். அக்காவின் வீட்டை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மரக்காணத்தில் உப்பளத்துக்கும் கழுவெளி என்கிற உப்புநீர் ஏரிக்கும் நடுவே ஒரு மேடு ஓடுகிறது. இரண்டு மாட்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகிற அகலம் இருக்கும். ஊருக்குப் புதியவர்கள் அதை ஏரிக்கரை என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் ரயில் மேடு என்போம். அதன்மேல் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. டிக்கெட் எடுத்து ஏறுகிற ரயில் இல்லை. உள்ளே தள்ளி, கரும்பு விளைகிற ஊர்ப்பக்கம், வெள்ளைக்காரன் கட்டிய சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. அந்த ஆலையின் சொந்த ரயில். சின்னத் தண்டவாளம், சின்ன இன்ஜின், மூடியில்லாத பெட்டிகள். ஊரில் அதற்குக் கரும்பு ரயில் என்று பெயர்.

உப்பு விளைகிற இடத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சுண்ணாம்புதான் சம்பந்தம். கரும்பைப் பிழிந்தால் வருகிற சாறு கறுத்து அழுக்காக இருக்கும். அதில் சுண்ணாம்பைக் கலந்து காய்ச்சினால்தான் கசடு அடியில் தங்கிச் சாறு தெளியும். சுண்ணாம்பு இல்லாமல் வெள்ளைச் சர்க்கரை இல்லை. கழுவெளிச் சேற்றில் கிளிஞ்சல் அள்ள அள்ளக் கிடைத்தது. அதைச் சுட்டால் பால் போன்ற சுண்ணாம்பு. அதற்காகத்தான் அத்தனை தூரத்துக்குத் தண்டவாளம் போட்டு இங்கே வந்தார்கள். போகும்போது கிளிஞ்சல் சுண்ணாம்பு போகும். வரும்போது சர்க்கரை மூட்டையும் பாகுப் பீப்பாயும் வரும். வடக்கே பட்டணத்துக்குப் போகிற கால்வாய் இங்கேதான் முடிகிறது என்பதால், அவை படகேறிப் போகும்.

இப்படிச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனுவிலும் இப்படித்தான் அழகாக எழுதினேன். அழகில்லாததும் உண்டு. அந்த மேட்டுக்கு மண் சுமந்தவர்கள் பஞ்சத்தில் கூழுக்கு வேலை செய்தவர்கள். கூடையோடு விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே போட்டு மேலே மண்ணைக் கொட்டியதாக அப்பா சொல்வார். மெய்யோ பொய்யோ, மேட்டில் கடக்கால் தோண்டும்போது யாரும் இடுப்புக்குக் கீழே தோண்டமாட்டார்கள். கிளிஞ்சல் அள்ளியவர்கள் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவி எடுப்பார்கள். பாதம் கிழியும், கிழிந்த பாதத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். காளவாயில் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்கு வயது ஆக ஆகக் கண் போகும். என் அம்மாவைப் பெற்றவள் அப்படிக் கண் போனவள். சர்க்கரை வெளுத்த கதை இது.

என் அப்பா அந்த ரயிலில் கேங்மேன். தண்டவாளத்தின் மேலேயே நடந்து, கழன்ற ஆணியை அடித்து, இறங்கிய மண்ணைக் கட்டுகிற வேலை. கால்வாய் முனையிலிருந்து பழைய செங்கல் பாலம் வரை அவர் பாகம். அந்தப் பாகத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ள ஆலை அவருக்கு இடம் கொடுத்தது. நானும் அக்காவும் அந்தக் குடிசையில் பிறந்தோம். ரயிலின் கடைசிக் காலத்தை நான் பார்த்திருக்கிறேன். பாகுப் பீப்பாய் ஒழுகிய நாட்களில் தண்டவாளத்தை விரலால் வழித்து நக்குவோம். உப்புக்காற்று படிந்த இரும்பு என்பதால் முதலில் கரிக்கும், பிறகுதான் இனிக்கும். அக்கா எனக்கு விட்டுக்கொடுத்து நக்குவாள்.

இனி கல்லுக்கு வருகிறேன். ரயில் மேட்டின் இரண்டு பக்கமும் ஆலையின் நிலம் எதுவரை என்று காட்டக் கருங்கல் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது. முகத்தில் மேலே ஆலையின் இரண்டு இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். அப்பாவின் பாகத்தில் பதினேழு கற்கள். வருடம் ஒருமுறை, தை பிறந்து ஆலை கரும்பு அரைக்கிற மும்முரத்தில், இன்ஜினியர் தள்ளு ட்ராலியில் உட்கார்ந்து பார்வையிட வருவார். தண்டவாளத்தைப் பார்ப்பார், கல்லையும் பார்ப்பார். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் கல்லை ராவோடு ராவாக நகர்த்தி வைத்துவிடுவது வழக்கம். கல் நகர்ந்தால் கேங்மேன் வேலை போகும். அதனால் பொங்கலுக்கு முன்னால் அப்பா பதினேழு கல்லுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பார். பனை நாரை நசுக்கி அவரே செய்த பிரஷ். எங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காத வருடம் உண்டு, கல்லுக்கு அடிக்காத வருடம் கிடையாது.

பிறகு லாரி வந்தது. ஆலைக்குச் சுண்ணாம்பு வேறு எங்கிருந்தோ மூட்டையில் வந்தது. ரயில் நின்றது. ஒரு கோடையில் கான்ட்ராக்ட்காரன் ஆட்கள் வந்து தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேங்மேன்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அப்பா மறுநாளே உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். ஆனால் தை வந்ததும் சுண்ணாம்பைக் கரைத்தார். அம்மா சிரித்தாள். ரயிலே போயிடுச்சு, கல்லுக்கு என்ன சிங்காரம் என்றாள்.

"யாராவது வந்து கேட்டா?" என்றார் அப்பா.

யாரும் வந்து கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் அடித்தார். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, அம்மா தன் பங்குக்குச் சுண்ணாம்பின்மேல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மாட்டுப் பொங்கலன்று எங்கள் மேட்டில் கும்பிட யாருக்கும் மாடு இல்லை. எல்லாரும் உப்பளத்துக் கூலிகள், மாட்டுக்கு எங்கே போவது? அதனால் கல்லைக் கும்பிட்டோம். பக்கத்தில் ஒரு முழுக் கரும்பை நட்டு, சூடம் காட்டி, ஒரு பிடி பொங்கலைக் கல்லின் தலையில் வைப்போம். மற்ற கேங்மேன் குடும்பங்களும், பின்னால் மேட்டில் வந்து குடியேறியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு கல் என்று ஆனது, கல் எட்டாத இரண்டு மூன்று வீடு மட்டும் பக்கத்து வீட்டுக் கல்லைக் கும்பிட்டது. குழந்தை கல்லில் கால் வைத்தால் அடி விழும். புது மருமகள் வந்தால் கல்லுக்குத்தான் முதல் கும்பிடு. நோட்டீஸ் வந்த காலத்தில் மேட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ரயில் கம்பெனியின் கல் என்றே தெரியாது.

மேட்டில் ஏன் குடியேறினார்கள் என்பதை ஒருமுறை ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்த்தால் புரியும். மழை பிடித்தால் கழுவெளி ஏறும். உப்பளத்துப் பாத்தி வரப்பு எல்லாம் முழுகி ஒரே வெள்ளக்காடாகும். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீருக்கு மேலே இருப்பது அந்த மேடு ஒன்றுதான். ஊருக்குள் இருப்பவர்கள் புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டுவார்கள். மேட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி காய்ச்சுவார்கள். வேறு எந்தப் பெருமையும் இல்லாத ஜனங்களுக்கு அது ஒரு பெருமை.

அக்கா அப்பாவின் குடிசையிலேயே இருந்துவிட்டாள். அத்தான் உப்பு லாரியிலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு ஒரே பெண் குழந்தை, இடுப்பில். அந்தப் பெண்ணை வளர்த்து உள்ளே தள்ளி ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தாள். எனக்குப் பத்தாவது வரை நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். பாத்தியில் உப்பு வாரி வாரி அவள் பாதம் இரண்டும் வெடித்து, கட்டைவிரலில் நகம் என்று ஒன்று இல்லாமல் போனது. ஒரு கோடைக்கு ஒரு சுவர் என்று குடிசையைச் செங்கல் வீடாக்கினாள். நாலு கோடையில் நாலு சுவர். ஓடு போட்ட அன்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் கடையில் கூட்டம் என்று போகவில்லை.

ஆலை எப்போதோ மூடிவிட்டது. கை மாறிக் கை மாறி அதன் சொத்தெல்லாம் விற்றுப் போனதில், எங்கள் ரயில் மேட்டையும் எவரோ வாங்கிவிட்டார்கள். கடற்கரையில் மனை போட்டு விற்கிற ஒரு கம்பெனி. அவர்களுக்கு மனைக்குப் போக ஒரு ரோடு வேண்டும். மேடு ரெடிமேடாக இருக்கிறது. ஒரு வைகாசியில் இருபது வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. ஆக்கிரமிப்பாளர்கள் காலி செய்ய வேண்டும் என்று. மேட்டு ஜனம் ஷேர் ஆட்டோ பிடித்து நேராக வானூருக்கு என் கடைக்கு வந்தது. வக்கீலிடம் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அதெல்லாம் அப்புறம், முதலில் கலெக்டருக்கு ஒரு மனு போடுவோம் என்றேன். தாலுகா ஆபீஸ் வாசலில் இத்தனை வருடம் உட்கார்ந்தவன் அரை வக்கீல் என்பது என் நினைப்பு.

நோட்டீசில் எனக்கு எரிச்சலூட்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆக்கிரமிப்பாளர். யார் ஆக்கிரமிப்பாளர்? அந்தத் தண்டவாளத்தை நடந்து நடந்து காத்தவன் பிள்ளை நான். அந்த வார்த்தையை எரிக்கத்தான் பன்னிரண்டு பக்கமும். சுண்ணாம்பிலிருந்து ஆரம்பித்தேன். பஞ்சத்து ஜனம், காளவாய், கால்வாய்ப் படகு, லாரி, எல்லாம் எழுதினேன். ஆலை எங்கள் அப்பாவைக் கேங்மேனாக வைத்து, குடிசை போட இடம் கொடுத்துக் குடியமர்த்தியது என்று எழுதி, வேலைக்கு அடையாளமாக ஆலை அவருக்குக் கொடுத்த பித்தளை வில்லையை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். மேட்டில் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருவரும் தங்கள் கல்லைக் காட்டினார்கள். பதினேழும் நட்ட இடத்திலேயே இருந்தன. சுண்ணாம்பு ஏறி ஏறி ஓட்டின் கனத்துக்குத் தடித்திருந்தது. சுரண்டினால் எழுத்து தெரிந்தது. பதினேழையும் நம்பர் போட்டு ஒரு வரைபடம் வரைந்தேன். ரயில் நின்ற பிறகும் இந்த எல்லைக்கற்களை இன்றுவரை அசையாமல் தெய்வமாகக் காத்து வருகிறோம் என்று முடித்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். நகல் தாசில்தாருக்கு, நகல் சர்வே ஆபீசுக்கு. போதாக்குறைக்கு நோட்டீஸ் விட்ட கம்பெனிக்கும் ஒரு நகல், ரிஜிஸ்டர் தபாலில். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

பதினைந்து நாளில், கற்கள் இருப்பதாக மனுதாரரே கூறுவதால் இரு தரப்பையும் வைத்துக் கூட்டு அளவை செய்யப்படும் என்று கடிதம் வந்தது. பன்னிரண்டு பக்கத்தையும் ஓர் அதிகாரி படித்துவிட்டார் என்று நான் பூரித்துப்போனேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன்.

அளவைக்கு முதல் நாள் சாயங்காலம் மேட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் கடப்பாரையோடு நின்றிருந்தாள். கல்லைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பறித்திருந்தாள். என்னக்கா இது என்றேன்.

"நாளைக்கு அளக்க வர்றாங்கன்னாங்க. இத்தப் புடுங்கி கழுவெளில போட்டுடலாம்டா."

"ஏங்க்கா, பைத்தியமா உனுக்கு?"

"கல்லு அவங்களுதுடா. எழுத்தும் அவங்களுது. அவங்க வர்ற அன்னிக்கு அது ஏன் நம்ம வாசல்ல இருக்குது?"

எழுதப் படிக்கத் தெரியாதவள். அந்த ஒரு கேள்வியில் முழு வழக்கும் இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. கல்தான் நமக்குச் சாட்சி என்றேன். பிடுங்கினால் திருட்டுப் பட்டம் வரும் என்றேன். கடைசியில், அவள் எதிர்த்துப் பேச முடியாதபடி ஒன்று சொன்னேன். அப்பா உயிராகக் காத்த கல்லை நீ பிடுங்குகிறாயா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. கடப்பாரையைச் சுவரில் சாத்தினாள்.

"நீ படிச்சவன். நீ சொன்னா சரிதான்" என்று சொல்லி, பறித்த மண்ணைக் காலாலேயே தள்ளி மூடினாள். நகம் இல்லாத அந்தக் காலால் மண்ணை மிதித்து இறுக்கியது இப்போதும் என் கண்முன் நிற்கிறது. அன்றைக்கு அதைப் பார்த்துத் திருப்தியோடு பஸ் ஏறினேன். என்னைப் போல ஒரு முட்டாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சர்வேயர், தலையாரி, கம்பெனி தரப்பில் இரண்டு பேர். சர்வேயரிடம் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. அதில் குறித்திருந்த பனைமரம் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, காளவாய் கரைந்துவிட்டது, செங்கல் பாலம் ஒரு புயலில் போயிற்று. எங்கிருந்து அளக்க ஆரம்பிப்பது என்று அவர் நெற்றியைச் சொறிந்தார். நான் முன்னால் நடந்து ஒன்றாம் நம்பர் கல்லைக் காட்டினேன். பிறகு இரண்டு, மூன்று. சில வீட்டில் கல்லுக்குப் பூ வைத்திருந்தார்கள். முக்கியஸ்தர்கள் வருகிறார்களே என்று ஒரு வீட்டில் ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார்கள்.

சர்வேயர் நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "இத்தினி வருசம் ஆகியும் ஒரு கல்லு கூட நவுராம நான் எங்கியும் பாத்ததில்லீங்க. வழக்கமா மொதல்ல காணாமப் போறதே கல்லுதான்" என்றார்.

எங்கள் அப்பாவின் காவல் சார் என்றேன். கம்பெனி ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

கல்லுக்குக் கல் கயிறு பிடித்தார்கள். இருபது வீடும் கயிற்றுக்குள் இருந்தது. ஒரு வீட்டின் குளியல் மறைப்புகூட வெளியே தப்பவில்லை. அப்போதுதான் வக்கீலைத் தேடி ஓடினேன். திண்டிவனத்தில் ஒரு வக்கீலம்மா, என் மகள் வயது இருக்கும். பன்னிரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத யாருங்க எழுதச் சொன்னது?"

நானாகத்தான் எழுதினேன் என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கம்பெனியிடம் இருந்தது வெறும் பழைய வரைபடம்தானாம். அந்தப் படம் தரையில் எங்கே உட்காருகிறது என்று நிரூபிக்கவே அவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகியிருக்குமாம். நாங்கள் கல்லைக் காட்டி அதை ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டோம். இன்னொன்றும் சொன்னார். யாருடைய அனுமதியும் இல்லாமல், யாரும் கேட்காமல், நெடுங்காலம் ஓர் இடத்தில் இருந்தவர்களுக்காகவாவது சட்டத்தில் ஏதாவது பேசிப் பார்க்கலாமாம்.

"ஆலைதான் எடம் குடுத்து குடி வெச்சுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேங்க. அவங்க உத்தரவுல இருந்தா, அது எத்தினி வருசமானாலும் அவங்க எடந்தான்."

நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது தன் வாயால் தான் மட்டும் கெட்டது. ஆக்கிரமிப்பாளர் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் வீடு தங்கியிருக்கலாம். கதை வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

வழக்கு மறுவருடம் வரை நடந்தது, தோற்றது. ஆடி மாதத்தில் ஒரு முற்பகல் ஜேசிபி வந்தது. சாமான்களை எடுக்க நேரம் கொடுத்தார்கள். அக்கா ஓடுகளை ஒவ்வொன்றாகத் தானே இறக்கினாள், ஒன்றும் உடையாமல். கதவை நிலையோடு பெயர்த்து எடுத்தோம். சுவர் விழுந்தபோது அழுதாள். வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அத்தான் செத்த அன்று அழுதது போலவே அழுதாள். நான் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அருகில் போகத் தைரியம் வரவில்லை.

மனிதாபிமான அடிப்படையில் மாற்று இடம் என்று கழுவெளி ஓரத்தில் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். பட்டாவோடு. மனுவின் கடைசி வரியில் நான் கேட்டதும் அதுதான், பட்டா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று. ஆடி வெயிலில் பார்த்தால் அந்த இடம் வெடித்துக் காய்ந்து பத்திரமாகத்தான் தெரிந்தது. அது ஏன் இத்தனை காலமும் காலியாகக் கிடந்தது என்று மேட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஓடுகளையும் கதவையும் வைத்து அக்கா ஒரு கொட்டகை எழுப்பிக்கொண்டாள். மகள் வந்து கூப்பிட்டாள். சம்பந்தி வீட்டில் போய் உட்காரமாட்டேன் என்றுவிட்டாள். நான் வானூருக்கு வா என்றேன். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மேட்டு ஜனம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆதார் அட்டையில் முகவரி மாற்ற என் கடைக்கே வருகிறார்கள். முன்போலவே பெஞ்சில் உட்கார்ந்து, எழுதி முடிக்கும் வரை காத்திருக்கிறார்கள். ஒருவனாவது சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

புரட்டாசியில் கம்பெனி மேட்டுக்கு இருபுறமும் சிமென்ட் தூண் நட்டு வேலி போட்டது. நான் போய்ப் பார்த்தேன். எல்லைக்கற்கள் அத்தனையையும் பிடுங்கிக் கால்வாய் ஓரம் குவித்திருந்தார்கள். வேலி வந்த பிறகு கல் எதற்கு? வேலையாட்களில் ஒருவர் ஒன்றின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக் கல் எது என்று எனக்குத் தெரியும், நம்பர் போட்டவன் ஆயிற்றே. அக்காவின் கல்லுக்கு ஒரு மூலை உடைந்திருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். அக்கா சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தேன். அவ்வளவு ஆன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"இத எதுக்குடா எடுத்தாந்த? கடப்பாரையோட நின்னேனே, அன்னிக்கு எடுத்திருக்கணும்" என்றாள். உள்ளே வைக்காதே என்றாள். வேலிக்காலுக்கு வெளியே, கோழி மேய்கிற இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் பஸ் விட்டதும் போனேன். புது இடத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். வேலிக்கு அந்தப்பக்கம் ரயில் மேடு காய்ந்து நின்றது. அதன்மேல் ஒரு நாய்கூட இல்லை. பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். புயலுக்கு இதுவரை ஊர்க்காரர்கள் மட்டுமே போய் ஒண்டிய பள்ளிக்கூடத்துக்கு. அக்கா போகவில்லை.

கொட்டகைக்குள்ளேயும் தண்ணீர். அக்கா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு, அரிசித் தூக்கு, பட்டா வைத்த பிளாஸ்டிக் கவர் எல்லாம் கட்டில்மேல் இருந்தது. கட்டிலின் மூன்று காலுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தாள். நாலாவது காலுக்குச் செங்கல் போதவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தில் கல்லைப் படுக்கப் போட்டிருந்தாள். பழைய சுண்ணாம்பு தண்ணீரில் ஊறி உரிந்து, ஆலையின் எழுத்து இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. கட்டிலின் கால் அந்த எழுத்தை ஒட்டி நின்றது.

"ஏறி உக்காரு. கால நனைக்காத" என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். கும்பிட்ட கல்லை இப்படிப் போட்டிருக்கிறாளே என்று கோபம் வரவில்லை. அந்தக் கல்லால் எங்களுக்கு நடந்த முதல் உபகாரம் அதுதான் என்று தோன்றியது. எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, பொங்கலுக்கு இதற்குச் சுண்ணாம்பு அடிப்பாயா என்று கேட்டேன்.

அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிக்கலன்னா யாருடா வந்து கேக்கப் போறான்?"

வெளியே மறுபடி தூறல் ஆரம்பித்தது. தண்ணீர் கல்லின் மேல்முகத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தது. நாங்கள் இருவரும் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.